தரை எந்தப் பக்கம் சாய்கிறது

மேஸ்திரிக்குத் தன் மாப்பிள்ளை மேல் சந்தேகம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. சந்தேகம் அவருக்குப் புதிது இல்லை. நாற்பது வருஷமாக அதை வைத்துத்தான் பிழைத்தார். சிமெண்ட் மூட்டையைப் பார்த்தால் எடை குறையுமோ என்று சந்தேகம். மணலைப் பார்த்தால் உப்பு இருக்குமோ என்று சந்தேகம். கொத்தனார் வந்து 'மட்டம் பாத்துட்டேன்' என்று சொன்னால், எந்தக் கண்ணால் பார்த்தான் என்று சந்தேகம். கட்டடம் கட்டுகிறவனுக்கு இது நோய் இல்லை, யோக்கியதை. ஆனால் சொந்தத் தங்கையின் புருஷன் மேல், அதுவும் அவன் வீட்டில், அவன் போட்ட கட்டிலில் படுத்துக்கொண்டு, அவன் வாங்கி வந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டு வருகிற சந்தேகம் வேறு ரகம். அது தொண்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு விழுங்கவும் விடாது, துப்பவும் விடாது.

அந்த வீட்டுக்கு அவர் வந்து சேர்ந்த கதை சின்னது. ஐந்து மாடிக்குச் சாரத்தில் ஏறி நின்று வேலை வாங்கிய காலத்தில் ஒரு கீறல்கூட வாங்காத மனுஷர், தன் வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி, இறங்கும்போது இல்லாத ஒரு படியில் காலை வைத்தார். இடது தொடை எலும்பு மூன்று துண்டு. டாக்டர் எலும்புக்குள்ளே ஒரு கம்பியைச் செருகி, மேலே இரண்டு, கீழே இரண்டு என்று ஆணி போட்டு முடுக்கினார். மயக்கம் தெளிந்ததும் மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி, "கம்பி எத்தனை எம்.எம். டாக்டர்?" ஆஸ்பத்திரி ஆட்கள் இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. எட்டு எம்.எம். என்று சொல்லியிருந்தால் கழற்றச் சொல்லியிருப்பார்.

மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. "எங்க வீட்டுக்கு வந்துடுண்ணே" என்று தங்கை வந்து நின்றாள். மறுக்க மேஸ்திரிக்கு அப்போது கால் இல்லை. அந்த வீட்டைக் கட்டியதும் அவர்தான். தங்கையைக் கட்டிக்கொடுப்பதற்கு முந்தின வருஷம், சொந்தக் கையால் கட்டினார். கூடத்துத் தரையை மட்டும் இரண்டு நாள் மட்டக்குழாய் பிடித்துப் போட்டார். அதில் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அப்படியே நிற்கும். மாப்பிள்ளை அந்தக் காலத்தில் அவரிடம் டைல்ஸ் போடுகிற ஆள். அதனால் இருவருக்கும் நடுவில் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. வேலை நடக்கிற இடத்தில் "டேய், இங்க வா." வீட்டு வாசலை மிதித்தால் "வாங்க மாப்ள." முப்பது வருஷமாக இது ஒருநாளும் மாறியதில்லை.

மேஸ்திரி ஆஸ்பத்திரியில் இருந்தபோதே மாப்பிள்ளை கீழே இருந்த சாமான் அறையைக் காலி செய்து, உயரப் படியை எடுத்துவிட்டு, வாக்கர் தடுக்காமல் இருக்கப் புதிதாக டைல்ஸ் ஒட்டி வைத்திருந்தார். ஜன்னல் ஓரம் ஒரு பக்கம், பீரோ ஒரு பக்கம், நடுவில் கட்டிலிலிருந்து கதவு வரை பன்னிரண்டு அடி பாதை. மேஸ்திரி படுத்த வாக்கில் அதைப் பார்த்துவிட்டு, "இடுக்குல சிமெண்ட் கொஞ்சம் கம்மி" என்றார். அவர் அகராதியில் அதற்கு நன்றி என்று பொருள்.

இப்போது அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஊர்க்கோடியில் ஒரு பள்ளிக்கூடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் வளைந்து ஏறுகிற படிக்கட்டு. படிக்கட்டு என்றால் மேஸ்திரி, மேஸ்திரி என்றால் படிக்கட்டு. என்ஜினியர் ஆஸ்பத்திரிக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். "ரெண்டு மாசம் கழிச்சு வர்ற ஒண்ணாம் தேதி வரைக்கும் நிறுத்தி வைக்கறேன் மேஸ்திரி. நீங்க உங்க கால்ல நடந்து வந்து நிக்கணும். அதுக்கு மேல என்னால முடியாது, வேற ஆளைப் போட்டுடுவேன்." அன்றிலிருந்து மேஸ்திரி மூச்சு விட்டதே அந்தத் தேதிக்காகத்தான். அறுபத்தெட்டு வயதில் ஒருமுறை வேலை கைவிட்டுப் போனால் திரும்பி வராது. அதற்குப் பிறகு காலையில் எழுந்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது.

ஆறு வாரம் படுக்கை. அது முடிந்த திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க பெரியவரே" என்று சக்கர நாற்காலியோடு அவரை வராந்தாவில் தள்ளச் சொல்லிவிட்டு, தங்கையையும் மாப்பிள்ளையையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். கால் யாருடையது? எலும்பு யாருடையது? மேஸ்திரி வராந்தாவில் உட்கார்ந்து எதிர்ச் சுவரில் இருந்த விரிசலை முறைத்தார். வெளியே வந்த தங்கையின் மூக்கு சிவந்திருந்தது.

"என்னவாம்?"

"நல்லா கூடியிருக்காம்ண்ணே. நாளையில இருந்து நடக்கலாமாம்."

"அதுக்கு ஏன் அழுதே?"

"யாரு அழுதா? ஆஸ்பத்திரி மருந்து நெடி."

அதற்கு மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. பிசியோதெரபி பெண் வந்தாள். எதற்கெடுத்தாலும் 'சூப்பர் அங்கிள்' என்று சொல்கிற பெண். விரலை அசைத்தால் சூப்பர், கொட்டாவி விட்டால் சூப்பர். அன்று அவள் பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்து, இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால் வரை வலது காலை அளந்தாள். பிறகு இடது காலை அளந்தாள். இடது காலை இன்னொரு தரம் அளந்தாள். சீட்டில் ஏதோ எழுதி, நான்காக மடித்தாள்.

"எதுக்கும்மா அளக்குற?"

"வீக்கம் பாக்கறதுக்கு அங்கிள்."

"வீக்கத்தைச் சுத்தி அளப்பாங்க. நீ நீட்டவாக்குல அளக்குறியே?"

அந்தப் பெண் தங்கையைப் பார்த்தாள். தங்கை மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே எதையோ வெகு அக்கறையாகப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது. நீட்டவாக்கில் அளந்து ரகசியமாக எழுதிக்கொள்வது எதற்கு என்று மேஸ்திரி யோசித்தார். சவப்பெட்டிக்கு அளவு எடுக்கிறார்களோ என்று ஒரு கணம் தோன்றியது. சீச்சீ என்று தள்ளிவிட்டார். ஆனால் சந்தேகம் போய்விடவில்லை, கால்மாட்டிலேயே உட்கார்ந்துகொண்டது.

பிறகு வாக்கரைப் பிடித்து நிற்கவைத்தார்கள். மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். கட்டிலிலிருந்து கதவு வரை பன்னிரண்டு அடி. "இன்னிக்கு இவ்வளவுதான், போறது மட்டும்" என்று சொல்லி, கதவருகே தயாராக இருந்த சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் திருப்பித் தள்ளி வந்தார்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டே மேஸ்திரி சொன்னார்:

"தரை இடது பக்கம் சாயுது."

பிசியோதெரபி பெண் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

"ஜன்னல் பக்கம் இறங்குது. நான் சொல்றேன், மட்டம் இல்ல இது."

முப்பது வருஷத்தில் மாப்பிள்ளை தன் வேலையில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு மேஸ்திரி பார்த்ததில்லை. டைல்ஸ் சரியில்லை என்றால் டைல்ஸ் கம்பெனியைத் திட்டுவார், தண்ணீரைத் திட்டுவார், வானத்தைத் திட்டுவார், தன்னை மட்டும் திட்டமாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா மச்சான். என் தப்புதான். நாளைக்கே எடுத்துட்டுப் போட்டுடறேன்" என்றார்.

மேஸ்திரிக்கு மூக்கில் வியர்த்தது. "ரசமட்டத்தை எடுத்துட்டு வாங்க, வச்சுப் பாத்துடலாம்."

"மட்டம் எதுக்கு மச்சான்? நீங்க சொன்னா சரிதான்."

இதுதான் அவரை உலுக்கியது. மட்டம் வேண்டாமாம்! மட்டம் பார்த்தால் ஏதோ குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயப்படுகிறான். ஒன்றையும் ஒன்றையும் கூட்ட மேஸ்திரிக்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. மறுநாள் கூடத்தில் அவரைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருந்தபோது மீதியும் கிடைத்தது. உள்ளே டைல்ஸ் பெயர்க்கிற சத்தம் நின்ற இடைவெளியில், பின்பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் குரல், போனில், தணிந்து வந்தது. மேஸ்திரி காதைத் தீட்டிக்கொண்டார்.

"படிக்கட்டு விஷயமாத்தான் சார்... ஆமா சார்... மச்சானுக்குத் தெரிய வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் என்ன வேண்டும்? கோணல் தரையைப் போட்டு மச்சானை நொண்டவைக்க வேண்டியது, ஒண்ணாம் தேதி அவர் எழுந்திருக்க முடியாமல் கிடக்க வேண்டியது, படிக்கட்டைச் சத்தமில்லாமல் தான் அமுக்கிக்கொள்ள வேண்டியது. தங்கைக்கும் தெரியும். அதனால்தான் அழுகிறாள். புருஷனா அண்ணனா என்று வந்தால் எவள்தான் அண்ணன் பக்கம் நிற்பாள்? மேஸ்திரி போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். தங்கை டீ கொண்டுவந்து வைத்தபோது தூங்குவதுபோல் கிடந்தார். டீ ஆறி, ஆடை கட்டியது.

மாப்பிள்ளை ஒற்றை ஆளாக வேலை செய்தார். உதவிக்கு ஒருவரையும் கூப்பிடவில்லை. அதையும் மேஸ்திரி குறித்துக்கொண்டார், சாட்சி வைக்காமல் செய்கிறான் என்று. மூன்று நாள் கழித்து அறை தயாரானது. அதே டைல்ஸ், அதே நிறம், சுவரோரப் பட்டைகூடப் புதிதாக ஒட்டியிருந்தது. வாக்கரைப் பிடித்து எழுந்தார். நடந்தார்.

உள்ளதைச் சொன்னால், நன்றாகத்தான் இருந்தது. கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் கால் இரண்டும் ஒத்து வந்தன. உடம்பு நிமிர்ந்தது. வாக்கரில் பாதி பாரத்தைத்தான் போட்டார். தங்கை கதவருகே நின்று, புதையல் கிடைத்தவள்போல் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். மேஸ்திரிக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. நாம்தான் கண்டதையும் நினைத்துக் குழப்பிக்கொண்டோமோ? அந்தத் தெம்பில், நாற்காலியைக் கொண்டுவந்த தங்கையைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "திரும்பியும் நானே நடக்கறேன்" என்று வாக்கரைத் திருப்பினார்.

மாப்பிள்ளையின் முகம் மாறியது. "வேண்டாம் மச்சான்!" என்று ஒரு எட்டு முன்னால் வந்தார்.

அதற்குள் மேஸ்திரி இரண்டு அடி வைத்துவிட்டார். மூன்றாவது அடியில் உலகமே இடது பக்கம் சரிந்தது. பீரோ அவரை நோக்கி வந்தது. மாப்பிள்ளை பாய்ந்து இடுப்பைக் கட்டிப் பிடிக்காவிட்டால், டாக்டர் போட்ட கம்பிக்கு வேலை வந்திருக்கும்.

கட்டிலில் உட்காரவைத்தார்கள். மேஸ்திரி தலைமாட்டில் இருந்த இருமல் மருந்து பாட்டிலை எடுத்து, குனிந்து, தரையில் படுக்கவாக்கில் வைத்துக் கையை எடுத்தார். பாட்டில் ஒரு கணம் யோசித்தது. பிறகு உருண்டது. ஜன்னல் பக்கமிருந்து நிதானமாக உருண்டுபோய்ப் பீரோவின் காலில் முட்டி நின்றது.

"மாப்ள" என்றார் மேஸ்திரி. "இங்க வா."

'வாங்க' இல்லை, 'வா'. தங்கை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஜன்னல் பக்கம் தூக்கி, பீரோ பக்கம் இறக்கியிருக்க. நாலடிக்கு ரெண்டு இஞ்ச் இருக்கும். பட்டையையும் அதுக்குத் தக்கபடி ஏத்தி ஒட்டியிருக்க, கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு. கை தவறிப் போட்டது இல்ல இது. வேணும்னே போட்டது. ஆமாவா இல்லையா?"

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. "ஆமா மச்சான்."

"எதுக்கு?"

மாப்பிள்ளை தங்கையைப் பார்த்தார். தங்கை தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. அந்தத் தலையாட்டல்தான் மேஸ்திரியைக் கொதிக்க வைத்தது.

"நான் சொல்லட்டுமா எதுக்குன்னு? நான் விழணும். ஒண்ணாம் தேதி நான் எந்திரிக்கக் கூடாது. படிக்கட்டு உனக்கு வேணும். பின்பக்கம் நின்னு என்ஜினியர்கிட்ட நீ பேசினது எனக்குக் கேக்கலைன்னு நெனச்சியா? கால்தான் ஒடைஞ்சுது, காது ஒடையல. எங்கிட்டக் கூலிக்கு நின்னவன்தானே நீ? மணல் சலிச்சவனைக் கூட்டிட்டு வந்து உக்காரவச்சு என் தங்கச்சியைக் குடுத்தேன் பாரு, என் புத்தியச் சொல்லணும்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அத்தனையும் பேசினார். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே நின்றார். அவர் கைவிரல் இடுக்கில் இன்னும் சிமெண்ட் காய்ந்திருந்தது. பிறகு திரும்பி, கூடத்தைக் கடந்து, வாசல் படியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, நீ பேசினது தப்பு" என்றாள் தங்கை. "ரொம்பத் தப்பு."

"நான் போறேன். இந்த வீட்டுல ஒரு நிமிஷம் இருக்கமாட்டேன்."

வாக்கரை இழுத்தார். தங்கை தடுக்க வந்தாள், தள்ளிவிட்டார். கதவைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக, அந்தக் கூடத்தில் அவர் சக்கரத்தில் போயிருக்கிறார், படுத்திருக்கிறார், நடந்தது இல்லை. கோபத்தில் நான்கு அடி வைத்தார். ஐந்தாவது அடியில் நின்றார்.

தரை இடது பக்கம் சாய்ந்தது.

இதையுமா தோண்டிவிட்டான்? குனிந்து பார்த்தார். தோண்டின அடையாளம் எதுவும் இல்லை. அவரே போட்ட தரை. அவரே தேய்த்து, அவரே மெழுகிய தரை. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு விரிசல் விடாத தரை. மறுபடி நடந்தார். சாய்ந்தது. இடது பக்கம், சுவர் பக்கம். தங்கையைப் பார்த்து என்னவோ கேட்கத் திரும்பினார். வாக்கரை எதிர்ப்பக்கம் திருப்பி, வந்த வழியே மூன்று அடி வைத்தார்.

இடது பக்கம் சாய்ந்தது.

மேஸ்திரி அப்படியே நின்றுவிட்டார். போகும்போது இடது பக்கம் சுவர். வரும்போது இடது பக்கம் எதிர்ச் சுவர். ஒரு தரை ஒரு பக்கம்தான் சாயும். இரண்டு பக்கமும் சாய்கிற தரையை இந்த உலகத்தில் எந்தக் கொத்தனாராலும் போட முடியாது. சித்தாளுக்குக்கூடத் தெரிகிற விஷயம் இது. நாற்பது வருஷ மேஸ்திரி, சிமெண்டைச் சந்தேகப்பட்டார், மணலைச் சந்தேகப்பட்டார், தங்கையைச் சந்தேகப்பட்டார், தங்கை புருஷனைச் சந்தேகப்பட்டார். தன் காலைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

"எவ்வளவு?" என்று கேட்டார். மறுபடி கேட்டார். "எவ்வளவு கம்மி?"

தங்கை சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "முக்கால் இஞ்ச்ண்ணே. எலும்பு நொறுங்கிப் போனதால அவ்வளவுதான் கூட்ட முடிஞ்சுதாம். டாக்டர் மேல தப்பு ஒண்ணும் இல்ல. செருப்புல ஒசத்தி வச்சுத் தச்சுப் போட்டா போதுமாம். நான்தான் சொல்ல வேண்டாம்னேன். ஒண்ணாம் தேதிவரைக்கும் தெரிய வேண்டாம்னு அவர் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினேன். அரை விரல் கோணினா சுவத்தையே இடிக்கச் சொல்ற ஆளு நீ. உனக்கே கோணல்னு தெரிஞ்சா நடக்கறதை விட்டுட்டுப் படுத்துடுவியேன்னு பயந்தேன்."

"என்ஜினியர்?"

"தேதியை ஒரு மாசம் தள்ளிப்போடச் சொல்லி இவர்தான் அவர்கிட்டக் கெஞ்சினாரு. முடியாதுன்னுட்டாரு அவரு. நீ தரை சாயுதுன்னு சொன்னதும், என்ன சொல்றதுன்னு தெரியாம, என் தப்புன்னு ஒத்துக்கிட்டாரு. எங்கிட்ட வந்து, 'தரையை மச்சான் காலுக்குத் தக்கபடி போட்டுடறேன்'னாரு. எனக்கும் அது சரின்னு பட்டுது. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்த முட்டாள் வேலைண்ணே அது."

மேஸ்திரி உட்காரவில்லை. வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். ஒவ்வோர் அடிக்கும் தரை சாய்ந்தது. சாயட்டும் என்று நடந்தார். இனி சாய்வது தரை இல்லை என்று தெரிந்த பிறகு அது வேறு விதமாக வலித்தது. அவமானமாக இருந்தது. கால் குட்டையானதற்கு இல்லை, வாய் நீண்டதற்கு.

மாப்பிள்ளை படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வாக்கர் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. மேஸ்திரிக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. அந்த வேலையை அவர் பழகியதே இல்லை. தெரிந்ததைத்தான் கேட்டார்.

"அடிக்கு எவ்வளவு வாட்டம் குடுத்தீங்க?"

மாப்பிள்ளை திரும்பாமலே சொன்னார். "அரை இஞ்ச்."

"முக்கால் இஞ்சுக்கு அரை எப்படிப் பத்தும்?"

"அதுக்கு மேல குடுத்தா வாக்கர் வழுக்கும். கண்ணுக்கும் தெரிஞ்சுடும்."

"போறப்ப சரி. வர்றப்ப?"

மாப்பிள்ளை நெற்றியைத் தேய்த்தார். "அதை யோசிக்கல மச்சான். இத்தனை வருஷமா பாத்ரூமுக்கும் மொட்டை மாடிக்கும் தண்ணி ஓட வாட்டம் குடுத்தே பழகின கை. தண்ணி போனா போனதுதான், திரும்பி வராது. நீங்க திரும்பி வருவீங்கன்னு தோணவே இல்ல."

தங்கைக்கு அழுகையின் நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. மேஸ்திரிக்கு வரவில்லை. தன் கையால் போட்ட தரையைத் தானே பெயர்த்து, அடிக்கு அரை இஞ்ச் கோணலாகப் போட, அதைப் பட்டையில் மறைக்க, ஒரு டைல்ஸ்காரனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"போனைக் குடும்மா" என்றார் தங்கையிடம்.

என்ஜினியர் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"சார், மேஸ்திரி பேசறேன். எனக்கு இடது கால் முக்கால் இஞ்ச் குட்டையாயிடுச்சு. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஒண்ணாம் தேதி என்னால ஏற முடியாது. கம்பைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ வேணா நிப்பேன். படிக்கட்டை எங்க மாப்பிள்ளைக்குக் குடுங்க. பலகை அடிக்கறதுல இருந்து மேல கல்லு பதிக்கற வரைக்கும் எல்லாப் படிக்கட்டுலயும் எங்கூட நின்னவரு."

மாப்பிள்ளை எழுந்துவிட்டார். "மச்சான், என்ன பண்றீங்க?"

என்ஜினியர் கேட்டார். போன் சத்தமாக இருந்ததால் மூவருக்குமே கேட்டது. "அவரு வேலை எப்படி மேஸ்திரி? நம்பி விடலாமா?"

இதே கேள்வியை இதே என்ஜினியர் எத்தனையோ ஆட்களைப் பற்றி அவரிடம் கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் அவரிடம் ஒரே பதில்தான். ஆள் பரவாயில்ல சார், ஆனா நான் ஒரு தடவை பாத்துடறேன். மாப்பிள்ளைக்கும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறார், முப்பது வருஷமாக, மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே.

"நம்பலாம் சார்" என்றார் மேஸ்திரி. "அவர் போட்டா நான் மட்டம் வச்சுப் பாக்கமாட்டேன்."

போனை வைத்தார். தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. மாப்பிள்ளை கையை வேட்டியில் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"அப்படிச் சொல்லாதீங்க மச்சான்" என்றார் கடைசியில். "நீங்க வந்து பாப்பீங்கன்னுதானே இத்தனை வருஷமா நான் ஒழுங்காப் போட்டேன். நீங்க பாக்கலைன்னா எனக்குக் கை நடுங்கும். வந்து பாருங்க. நொண்டிக்கிட்டே வந்து பாருங்க."

நொண்டி என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. தங்கை அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"வர்றேன்" என்றார் மேஸ்திரி.